கதவைத் திற, பொடிசு பாடுகிறாள்

எங்கள் பாட்டுக் குழுவில் யாருக்கும் இருமல் வராது. வந்தாலும் வந்ததாக ஒருத்தியும் ஒத்துக்கொள்ள மாட்டாள். பாடுகிறவளுக்குச் சுருதி பிடிபடுவதற்கு முன்பே இருமலை விழுங்குகிற வித்தை கைவந்துவிடும். தொண்டையில் அரிப்பு கிளம்பும்போதே ஒரு சொல்லை விட்டுக்கொடுத்து, மூக்கால் மூச்சிழுத்து, அடுத்த சொல்லில் வந்து சேர்ந்துகொள்வோம். கேட்கிறவர்கள் ஏதோ உருக்கத்தில் குரல் தழுதழுத்துவிட்டது என்று நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். இப்படி எத்தனை பேரை அழவைத்தோம் என்று முன்பெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். இப்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை, ஆத்திரம்தான் வருகிறது.

வருஷத்துக்கு ஒரு முறை எங்கள் கூடத்தில் பெரிய பிரார்த்தனை நடக்கும். பஸ் பிடித்தும் ரயில் பிடித்தும் எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வருவார்கள். எள் போட்டால் எள் விழாது. வயதானவர்களை மரியாதைக்காக முன்வரிசையில் உட்காரவைப்பார்கள். அதாவது மேடையில் நின்று பாடுகிற எங்கள் வாய்க்கு நேராக. ஏசி போட்டதிலிருந்து ஜன்னல்களைத் திறக்கவிடுவதில்லை. குளிர்ச்சி வெளியே போய்விடுமாம். ஒவ்வொரு கொக்கியிலும் கம்பி சுற்றிக் கட்டி வைத்திருந்தார்கள்.

போன வருஷம் என் வீட்டுக்காரரும் முன்வரிசையில் உட்கார்ந்துதான் கேட்டார். அடுத்த வாரமே காய்ச்சல், ஆஸ்பத்திரி, மூக்கில் குழாய். பிழைத்து வந்துவிட்டார். ஆனால் இன்றைக்கும் குளியலறை வரை போய்த் திரும்பினால் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து வெகுநேரம் மூச்சு வாங்குகிறார். அவரோடு அதே வரிசையில் இருந்த சிலர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பவே இல்லை. கேட்டால், வயசாச்சு என்றார்கள், குளிர்காலம் என்றார்கள், அவங்க நேரம் என்றார்கள். கூட்டத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் செயலாளரிடம் போய், ஜன்னலையாவது திறந்து வையுங்கள் சார் என்றேன். "ஆகட்டும், பாக்கலாம்" என்றார். எதைக் கேட்டாலும் அவருக்கு வாயில் வருவது அதுதான். எங்களுக்குள் அவர் பெயரே ஆகட்டும்.

இந்த வருஷம் தனிப்பாட்டு என் தங்கைக்குக் கிடைத்தது. வீட்டில் கடைக்குட்டி என்பதால் அவள் பொடிசு. தலை நரைத்து, மகளுக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது, இன்னும் பொடிசுதான். பஸ் நிலையத்தில் அறிவிப்பு சொல்கிற வேலை. ஜன்னலே இல்லாத ஓர் அறைக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த மேடைக்கு வருகிறது என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பாள். ஊருக்கே அவள் குரல் தெரியும், முகம் தெரியாது. காய்கறிக் கடையில் அவள் விலை கேட்டால், பக்கத்தில் நிற்பவர்கள் பஸ் வந்துவிட்டதா என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

குழுவிலும் அவளுக்கு அதே கதைதான். போன வருஷம் வரை தனிப்பாட்டு என்னுடையது, இரண்டாம் குரல் அவளுடையது. என் முதுகுக்குப் பின்னால் நின்று, என் வலது காதுக்குப் பின்னாலிருந்து பாடுவாள். முன்னால் இருப்பவர்களுக்கு என் தோளுக்கு மேலே அவள் நெற்றி மட்டும்தான் தெரியும். இந்த வருஷம் எனக்கு மேல் ஸ்தாயியில் குரல் உடைந்துவிட்டது. அதனால் பாட்டு அவளிடம் போனது. எனக்கு எரிந்தது. எரியவில்லை என்று யாராவது என்னைச் சத்தியம் பண்ணச் சொன்னால் நான் பண்ண மாட்டேன்.

அவளோ ஊதா நிறத்தில் புது உடுப்பு தைத்துக்கொண்டாள். அதைப் போட்டுக் காட்டிய அன்று கண்ணாடி முன்னால் நின்றபடி சொன்னாள்: "ஒரே ஒரு நாள்க்கா. என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே ஜனங்க என் குரலைக் கேக்கணும். அது போதும் எனக்கு."

பிரார்த்தனை நாள் காலையில் எல்லோரும் மேடைக்குப் பின்னால் இருக்கும் அறையில் கூடினோம். எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மேடை ஏறுவதற்கு முன் வட்டமாக நின்று, ஒருத்தி தோளில் ஒருத்தி கைபோட்டு, தலையோடு தலை ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டு ஒரே சுரத்தை முனகுவோம். எல்லாக் குரலும் ஒன்றாகக் கரையும்வரை விடமாட்டோம். இதற்குப் பெயர் தலை கூட்டுவது. சத்தம் வெளியே போகக் கூடாது என்று கதவையும் சாத்திவிடுவோம். எதிரில் நிற்பவளின் மூச்சு நம் கன்னத்தில் பட வேண்டும், அப்போதுதான் சுருதி சேர்ந்ததாக அர்த்தம். ஒத்திகை நாட்களிலும் இப்படித்தான்.

அன்றைக்கு என் நெற்றி பொடிசின் நெற்றியில் பட்டது. சுட்டது.

கண்ணைத் திறந்தேன். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு முனகிக்கொண்டிருந்தாள். நடுவில் ஓர் இடத்தில் சுரம் ஒரு மயிரிழை நின்று, மறுபடி வந்தது. வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. இத்தனை வருஷம் காதுக்குப் பின்னால் கேட்ட குரல், எனக்குத் தெரியாதா? இருமலை விழுங்கினாள்.

அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியே வந்தேன். வண்டிகள் நிறுத்தும் மைதானத்தில் என் கார் நின்ற ஆளில்லாத மூலைக்குக் கூட்டிப்போனேன்.

"எத்தனை நாளா?"

"என்ன எத்தனை நாளா?"

"நடிக்காதே. காய்ச்சல்."

"ரெண்டு மூணு நாளா லேசா. மாத்திரை போட்டிருக்கேன். வெந்நீர் குடிச்சிருக்கேன். பாடறதுக்கு ஒண்ணும் பிரச்சினையில்லக்கா."

வீட்டுக்காரர் வீடு திரும்பியதிலிருந்து என் பையில் மாஸ்க்கும், தொற்று இருக்கிறதா என்று பார்க்க மருந்துக்கடையில் வாங்கிய பரிசோதனை அட்டையும் எப்போதும் இருக்கும். குச்சியை எடுத்து அவள் மூக்கில் விட்டேன். திட்டிக்கொண்டே காட்டினாள். அட்டையைக் காரின் மேல் வைத்துவிட்டு இருவரும் காத்திருந்தோம். நான் ஒரு மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு அவளிடமும் ஒன்றை நீட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் அட்டையில் இரண்டு கோடு வந்தது. தொற்றுதான்.

"இந்த வயசுல எனக்கு ரெண்டு கோடா! மாப்பிள்ளை வீட்டுல என்ன நினைப்பாங்க?" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அவள் சிரிப்பும் பாதியில் நின்றது.

"யார்கிட்டயும் சொல்லாதேக்கா. ஒரு பாட்டு. பாடிட்டு நேரா வீட்டுக்குப் போய் படுத்துக்கறேன்."

"முன்வரிசையில யார் உக்காந்திருக்காங்கன்னு பாத்தியா?"

"தள்ளி நின்னு பாடறேன்."

"நீ மேல் ஸ்தாயிக்குப் போனா கூடத்தோட கடைசிச் சுவர் வரைக்கும் போகும். குரல் மட்டுமா போகும்? உங்க அத்தானும் போன வருஷம் மேடையை விட்டுத் தள்ளித்தான் உக்காந்திருந்தாரு."

அவள் முகம் மாறியது. மாஸ்க்கைக் கீழே இழுத்துவிட்டுச் சொன்னாள்: "உனக்கு எரியுதுக்கா. நீ பாட முடியாததை நான் பாடப் போறேன்னு உனக்குப் பொறுக்கல. அத்தானை ஏன் நடுவுல இழுக்கறே?"

கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஆமாம், எரிந்ததுதான். ஆனால் எரிச்சலுக்கு ஒரு காய்ச்சலைக் கொண்டுவந்து அவள் நெற்றியில் வைக்க எனக்குத் தெரியாது. "நீ என்ன வேணா நினைச்சுக்கோ. உள்ள விடமாட்டேன்" என்றேன். காரின் பின்கதவைத் திறந்து உட்காரச் சொன்னேன். பொத்தென்று உட்கார்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். புது உடுப்பு கசங்காமல் இருக்க ஓரத்தை மட்டும் கவனமாக இழுத்துவிட்டுக்கொண்டாள்.

குழுவின் அறை வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னேன். அறை முழுக்கத் தொண்டை மாத்திரை வாசனை. எங்களில் ஒருத்தி எல்லாருக்கும் மாத்திரை விநியோகம் பண்ணுவாள், பெயர் மிட்டாய்க்காரி. கையில் டப்பாவோடு நின்ற அவளையே கேட்டேன்: "உண்மையைச் சொல்லு. இந்த வாரம் டப்பா ஏன் இவ்வளவு சீக்கிரம் காலியாச்சு?"

அவள் தரையைப் பார்த்தாள். "எனக்கும் நேத்துலேர்ந்து கரகரங்குது" என்றாள். அடுத்து இன்னொருத்தி, "எனக்கு உடம்புவலி மட்டும்தான்" என்றாள். அவளுக்கு அடுத்தவள் பதில் சொல்ல வாயைத் திறந்ததும் இருமினாள். நாள்கணக்காக அடக்கி வைத்தது, நிற்கவே இல்லை. ஒத்திகை முழுக்கத் தலையோடு தலை வைத்து, ஒருத்திக்கொருத்தி மறைத்துக்கொண்டு, ஒருத்தி மூச்சை ஒருத்தி குடித்திருக்கிறோம்.

"எல்லாரும் மாஸ்க் போட்டுக்கிட்டு வெளிய வாங்க. யாரும் மேடை ஏறல" என்றேன். ஒன்றிரண்டு பேர் முணுமுணுத்தார்கள். "நான் ஏறலைல்ல? என்னைத் தாண்டி எவ ஏறுவா, பாத்துடறேன்" என்றதும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள்.

அதற்குள் ஆகட்டும் ஓடிவந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு வியர்த்தது.

"ஏம்மா, நேரம் பாத்தா குண்டைத் தூக்கிப் போடறது? இவ்வளவு ஜனம் உக்காந்திருக்கு. மாத்திரை போட்டாச்சுல்ல? இங்க வர்றவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. நம்பிக்கையோட வந்திருக்காங்க."

"போன வருஷமும் நம்பிக்கையோடதான் சார் வந்தாங்க. என் வீட்டுக்காரருக்கு நம்பிக்கை குறைச்சலா? வந்து அவர் மூச்சு வாங்கறதைப் பாத்துட்டு, என் முன்னாடி அதைச் சொல்லுங்க."

அவர் கொஞ்சம் தணிந்தார். யோசித்தார். பிறகு முகம் மலர்ந்து, "சரி விடுங்க. போன வருஷம் நீங்க பாடினது ரெக்கார்டிங் இருக்கு. அதையே போட்டுடலாம். உங்க குரல்னா ஜனங்களுக்கு உயிர்" என்றார்.

பாவி மனுஷன். எனக்கு இனிக்கத்தான் செய்தது. உடையாத என் பழைய குரல் அந்தக் கூடம் முழுக்க ஒலிக்கும். பொடிசு ஊதா உடுப்போடு காருக்குள் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். அதற்குப் பிறகு என் பொறாமையைப் பற்றி அவள் சொன்னதை இல்லை என்று சொல்ல எனக்கு எந்த வாயும் இருக்காது.

"அதைப் போட்டீங்கன்னா ஒயரைப் பிடுங்கிடுவேன். இன்னிக்குப் பாட்டு என் தங்கச்சியோடது" என்றேன்.

"அவங்களத்தான் உள்ள விடமாட்டேங்கறீங்களே!"

"உள்ள வந்தாத்தானே விடக்கூடாது?"

மைக் செட்காரர் பக்கவாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார். பேச மாட்டார், ஒயர் சுற்றுவார், அதனால் அவர் ஒயர் அண்ணன். அவரிடம் போய், தள்ளியே நின்று, "அண்ணே, மைதானத்து மூலைல என் கார் நிக்குது. அது வரைக்கும் ஒயர் வருமா?" என்று கேட்டேன். மேஜைக்கடியில் கிடந்த கட்டைப் பார்த்தார், காரைப் பார்த்தார். "ரெண்டைச் சேத்தா வரும்" என்றார். மைக்கைக் கொண்டுபோய்க் காரின் முன்பக்கம் வைத்துவிட்டு அவர் விலகி வந்த பிறகு, நான் எடுத்துக் கண்ணாடி இடுக்கு வழியாக உள்ளே விட்டேன். பொடிசு திகைத்துப் போய் முன்சீட்டுக்கு மாறி உட்கார்ந்தாள்.

"பாடு. கண்ணாடியை ஏத்திக்கோ, ஒயருக்கு மட்டும் இடம் விடு. பக்கத்துல யாரும் வர மாட்டாங்க."

மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். "மறுபடியும் பெட்டிக்குள்ளதானாக்கா?" என்றாள்.

திரும்பி நடந்தேன்.

பக்கவாசலில் இருந்த இன்னொரு மைக்கை எடுத்தேன். மாஸ்க்கைக் கழற்றவில்லை, உள்ளேயும் போகவில்லை. வாசற்படியில் நின்றபடியே பேசினேன். "எல்லாருக்கும் வணக்கம். இன்னிக்கு மேடைல யாரும் பாட மாட்டாங்க. எங்க குழுவுல காய்ச்சல் பரவியிருக்கு. போன வருஷமும் இதே கூடத்துல இதே மாதிரி பரவுச்சு, யாரும் சொல்லல. நம்பிக்கை இல்லைன்னா உங்க பக்கத்து நாற்காலியைப் பாருங்க. போன வருஷம் அதுல யார் உக்காந்திருந்தாங்கன்னு யோசிங்க. இப்ப என் தங்கச்சி வெளிய, பூட்டின காருக்குள்ள உக்காந்து உங்களுக்காகப் பாடப் போறா. கேளுங்க."

ஆகட்டும் பாய்ந்து வந்து மைக்கைப் பிடுங்கினார். "அடுத்த வருஷம் உங்களுக்கு இங்க இடம் கிடையாது" என்றார். "மூச்சு இருந்தா வேற எங்கயாவது பாடிக்கறேன். முதல்ல மூச்சு இருக்கட்டும்" என்றேன். ஒயர் அண்ணன் யாரையும் கேட்காமல் ஏதோ ஒரு திருகைத் திருகினார். கூடத்தின் எல்லா ஸ்பீக்கரிலும், வெளியே மைதானத்தில் இருந்த இரண்டிலும் பொடிசின் குரல் எழுந்தது.

என்ன குரல்! காய்ச்சல் அதில் ஏதோ ஓர் அடர்த்தியை ஏற்றியிருந்தது. முதல் சரணம் முடிவதற்குள் உள்ளே சலசலப்பு அடங்கிவிட்டது. இரண்டாவது சரணத்தில், மேல் ஸ்தாயிக்கு ஏறும்போது, அவளுக்கு இருமல் வந்தது. விழுங்கப் பார்த்தாள். முடியவில்லை. மைக்கைத் திருப்பவும் மறந்துபோய் இருமினாள். அத்தனை ஸ்பீக்கரிலும் அந்த இருமல் இடி இடித்த மாதிரி கூடத்துக்குள் விழுந்தது. சளி புரண்டு நெஞ்சைக் கிழித்துக்கொண்டு வருகிற இருமல். முன்வரிசையில் ஒரு முதியவர் தன்னையறியாமல் கையால் முகத்தை மறைத்துக்கொண்டார். மேடை காலியாகத்தான் இருந்தது. அவள் நிற்க வேண்டிய இடத்தைத்தான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இருமல் ஓய்ந்தது. மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. பிறகு அவள் பேசினாள்.

"மன்னிச்சுக்கோங்க. இதை மறைச்சுட்டு உங்க முன்னாடி வந்து நிக்கத்தான் இருந்தேன். எங்க அக்கா விடல. நான் அவளைக் கண்டபடி பேசிட்டேன்."

யாரோ கம்பியை முறுக்கிப் பிரிக்கிற சத்தம் கேட்டது. முதலில் ஒரு ஜன்னல் திறந்தது. அப்புறம் வரிசையாக. "ஏசி ஓடுதுங்க, மூடுங்க" என்று ஆகட்டும் அங்குமிங்கும் ஓடினார். அவர் ஒரு பக்கம் மூடினால் மறுபக்கம் திறந்தார்கள். நான் பெரிய வாசல் கதவு இரண்டையும் விரியத் தள்ளி, கதவுக்கொரு கல்லை முட்டுக்கொடுத்துவிட்டு ஓரமாகப் போய்விட்டேன். முகத்தை மறைத்துக்கொண்ட அந்த முதியவர்தான் முதலில் தடியை ஊன்றி எழுந்தார். வெளியே வந்து மைதானத்து வெயிலில் நின்று, எந்தக் கார் என்று தேடினார். அவருக்குப் பின்னால் வரிசை வரிசையாகக் கூட்டம் வெளியே வந்தது.

இவ்வளவு பேர் வருவதைப் பார்த்துப் பொடிசு பயந்துவிட்டாள். பஸ் நிலையத்துக் குரல் தானாக வந்தது. "பயணிகள் கவனத்திற்கு. தயவுசெய்து வண்டிக்கு அருகில் வர வேண்டாம்." மைதானமே சிரித்தது. "அட, இது அந்தம்மா குரலாச்சே!" என்று யாரோ கத்தினார்கள். கூட்டம் நன்றாகத் தள்ளி, மைதானம் முழுக்கப் பரவி நின்றது. எல்லார் முகமும் காரின் முன்கண்ணாடியைப் பார்த்திருந்தது. மூக்கு சிவந்து, கண்ணில் நீர் வழிந்து, தலை கலைந்து, ஊதா உடுப்போடு அவள் உள்ளே இருந்தாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவர்களைப் பார்த்துக்கொண்டே, விட்ட இடத்திலிருந்து பாடினாள்.

கடைசிச் சரணத்துக்கு இரண்டாம் குரல் வேண்டும். அது இல்லாமல் அந்தச் சரணம் நிற்காது. எங்கள் குழு முழுக்க மதில் ஓரத்தில் மாஸ்க்கோடு வாயடைத்து நின்றது. அவள் நிறுத்தினாள்.

"அக்கா, எங்க இருக்கே?"

மைதானத்தின் மறுகோடியில், ஆளில்லாத இடத்தில் நின்றிருந்த நான் கையைத் தூக்கினேன்.

"ரெண்டாவது குரல் நீ குடு."

நான் வாழ்நாளில் யாருக்கும் இரண்டாம் குரல் கொடுத்ததில்லை. ஆனால் அதன் ஒவ்வொரு வளைவும் எனக்கு மனப்பாடம். மாஸ்க்குக்குள்ளேயே மைக் இல்லாமல் பாடினேன். குரல் உடைந்தது, உடையட்டும் என்று விட்டேன். கண்ணாடிக்குள் இருந்தவளுக்கு அது கேட்டிருக்க வழியே இல்லை. அவள் கூட்டத்தைத் தாண்டி, இத்தனை வருஷம் பின்னால் நின்று பார்த்த என் தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மூச்சிழுத்துத் தோள் ஏறும்போது அவளும் மூச்சை இழுத்து, நான் தொடங்குகிற அதே நொடியில் சரியாகத் தொடங்கினாள்.